செந்நாய் நடத்துநருக்கு விசில் எதற்கு?

விலங்குக் கதாபாத்திரங்களைப் புதிதாக உருவாக்கிப் பழக விரும்புகிறவர்களுக்கென்று இணையத்தில் எத்தனையோ சொற்பட்டியல்கள் கிடைக்கின்றன. பொத்தானை அழுத்தினால் ஒரு விலங்கு, ஒரு தொழில், ஒரு குணம் என்று மூன்று சொற்கள் வந்து விழும். அவற்றை ஒன்றாக்கி ஓர் உருவத்தை வரைய வேண்டும். பயிற்சி நல்ல பயிற்சிதான். ஆனால் கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு 'பெங்குவின், கடற்கொள்ளையர், சோம்பல்' என்ற சொற்களுக்குப் படம் வரையும்போது என் கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறேன். நான் பெங்குவினையும் நேரில் கண்டதில்லை, கடற்கொள்ளையரையும் கண்டதில்லை. ஆகவே வேறு யாரோ வரைந்து, நான் எப்போதோ பார்த்து மறந்த பெங்குவினையும் ஒற்றைக் கண்ணை மூடிய கறுப்புப் பட்டையையும் நினைவிலிருந்து எடுத்து என் கை ஒட்டுகிறது. சொற்கள் தற்செயலாக வந்தவைதாம். படமோ முன்பே எங்கோ முடிவாகிவிட்ட படம்.

எனவே குலுக்கும் முறையைவிடக் குலுக்கப்படும் பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்பதே முதன்மையானது என்ற முடிவுக்கு வந்தேன். சிறார் இதழ்களுக்குப் படம் வரைவது என் தொழில். விடுமுறை நாள்களில் அக்காள் மகளும் அவளுடைய தோழிகளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் வரைய வந்து உட்காருவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சீட்டுப் பெட்டிகள் தயாராயின. வர்க்கி என்ற எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட் வாங்கிவந்த தகர டப்பாக்கள் மூன்று. முதல் டப்பாவில் நீலகிரியில் வாழும் விலங்குகள், பறவைகள், ஊர்வன மட்டும்: வரையாடு, காட்டெருமை, கடமான், செந்நாய், கருமந்தி, அலங்கு, மலை அணில், முள்ளம்பன்றி, மலை இருவாச்சி என்று நீளும். இரண்டாவதில் இந்த மலையில் நாங்கள் அன்றாடம் காணும் வேலைகள்: தேயிலை எடை போடுபவர், கேரட் கழுவுபவர், மலைரயிலின் பிரேக்ஸ்மேன், பேருந்து நடத்துநர், வங்கிக் காசாளர், வர்க்கி சுடுபவர். டப்பாவுக்கு இருபது சீட்டு என்று வைத்துக்கொண்டாலே 8,000 சேர்க்கைகள் கிடைக்கும், ஆயுளுக்கும் போதும்.

மூன்றாவது டப்பாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பட்டியல்கள் அங்கேதான் சோடை போகின்றன. 'கோபம்', 'சோம்பல்', 'கருணை' என்று ஒற்றைச் சொல்லாக எழுதிப் போட்டால், குழந்தைகள் அந்தக் குணத்தை முகத்தில் மட்டுமே வரைகிறார்கள். கோபம் என்றால் புருவம் சாயும், கருணை என்றால் கண் பெரிதாகும், அத்தோடு வேலை முடிந்துவிடும். அதனால் எங்கள் மூன்றாவது டப்பாவில் குணத்தை எழுதுவதில்லை, பழக்கத்தை எழுதுகிறோம். 'கடன் சொல்லிப் போனவரிடம் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுவார்', 'வரச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்', 'எவரையும் விட்டுவிட்டுப் போக மனம் வராது', 'சில்லறையை மூன்று முறை எண்ணுவார்'. பழக்கத்தை முகத்தால் மட்டும் காட்ட முடியாது. உடல் முழுவதும் வேலை செய்தாக வேண்டும். கையில் இருக்கும் பொருள், நிற்கும் இடம், எதிரே இருக்கும் ஆள் எல்லாம் படத்துக்குள் தாமாக வந்துவிடும்.

விதி ஒன்றே ஒன்றுதான்: எடுத்த சீட்டைத் திரும்பப் போடக்கூடாது. பொத்தானை அழுத்தும் செயலிகளில் பிடித்த சேர்க்கை வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கலாம். பிடித்த சேர்க்கை என்பது பெரும்பாலும் முன்பே வரையத் தெரிந்த சேர்க்கை என்பதால், அங்கே தற்செயல் என்பது பேச்சளவில்தான் மிஞ்சுகிறது.

செந்நாய் வந்த கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். 'செந்நாய், பேருந்து நடத்துநர், எவரையும் விட்டுவிட்டுப் போக மனம் வராது' என்று மூன்று சீட்டுகள் சேர்ந்து வந்தன. செந்நாய்களை முதுமலை, மசினகுடிப் பக்கம் பார்க்கலாம் என்பதால், அந்த நடத்துநருக்கு உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சிறிய பேருந்தையே ஒதுக்கினோம். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. எல்லாரும் முதலில் வரைந்தது கழுத்தில் தொங்கும் விசிலைத்தான். நடத்துநர் என்றால் விசில், ஓர் ஊதல் நிறுத்த, இரண்டு ஊதல் புறப்பட. என் அக்காள் மகள் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "சித்தி, செந்நாய் தானே விசிலடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க, அதுக்கு எதுக்கு விசில்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் கதாபாத்திரம் பிறந்தது. செந்நாய் நாட்டு நாயைப் போலக் குரைத்துக்கொண்டு திரிவதில்லை. அடர்ந்த புதருக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் கூட்டம் சிதறும்போது, சீழ்க்கை போன்ற ஒலியை எழுப்பித்தான் மீண்டும் ஒன்று சேர்கிறது. அப்படியானால் தேநீர் குடிக்க இறங்கி மூடுபனிக்குள் மறைந்துபோன பயணிகளைச் சேர்த்துக் கூட்டிவர அதற்குத் தகர விசில் தேவையே இல்லை. விசிலைக் கழற்றியதும், மற்ற எல்லா நடத்துநர் படங்களிலிருந்தும் இது தனியாகப் பிரிந்து நின்றது. இன்னொன்றும் தானாக வந்து சேர்ந்தது: செந்நாய்க் கூட்டம் இரையை வீழ்த்தியதும் குட்டிகளுக்கே முதலில் உண்ண இடம் விடும் என்பது காட்டுயிர் ஆய்வாளர்கள் கண்டு சொன்ன செய்தி. ஆகவே எங்கள் நடத்துநர் பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்த பிறகுதான் பெரியவர்களுக்குச் சீட்டுக் கிழிப்பார். இந்தக் குணம் எதுவும் எங்கள் கற்பனை அன்று. விலங்கிடம் இருப்பதைப் பேருந்துக்குள் கொண்டுவந்து வைத்தோம், அவ்வளவுதான்.

அவருக்கு உடுப்பு வேண்டுமா என்று நெடுநேரம் பேச்சு நடந்தது. விலங்குக் கதாபாத்திரங்களுக்கு முழு உடுப்புப் போடுவதில் எனக்கு உடன்பாடு குறைவு. செந்நாயின் செம்மண் நிறமும், நுனியில் கறுத்து அடர்ந்த வாலும், மொட்டையாக வட்டமாக முடியும் காதும்தான் அதை ஊர் நாயிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன; அவற்றின்மேல் சட்டையையும் கால்சட்டையையும் தொப்பியையும் ஏற்றினால், எஞ்சுவது சீருடை அணிந்த ஏதோ ஒரு நாய்தான். தோளில் குறுக்காக ஒரு தோல் பையை மட்டும் மாட்டினோம். நெரிசலான பேருந்தில் அந்த வாலை எங்கே வைப்பது என்ற சிக்கல் மட்டும் தீரவில்லை. அது தீராமல் இருப்பதே நல்லது, ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒரு பயணி அதை மிதிக்காமல் தாண்ட வேண்டியிருக்கும்.

என்னைப் பொறுத்தவரை எங்கள் பெட்டியிலிருந்து வந்தவற்றுள் தலைசிறந்தது அலங்குதான். எறும்புத்தின்னி என்று சொன்னால் பலருக்கும் விளங்கும். 'அலங்கு, மலைரயில் பிரேக்ஸ்மேன், வரச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்' என்று வந்த சீட்டுகளைப் பார்த்ததும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேலை தெரிந்தது.

நீலகிரி மலைரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகைவரை 1908இலும் ஓடத் தொடங்கியது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 46 கிலோமீட்டர் தூரம் செல்லும் இந்தப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான செங்குத்தான பகுதியில், ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏற்றம் இருப்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டத்தைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். மேலே போகும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் இருக்கும் பெட்டியின் முகப்பு மேடையில் பிரேக்ஸ்மேன் நின்று, பாதையைப் பார்த்து, பச்சைக் கொடியோ சிவப்புக் கொடியோ காட்டுவார். அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் பிரேக் இருக்கும். மற்றப் பெட்டிகளுக்கும் இப்படியே ஆள் உண்டு. இந்த ரயிலில் ஒருமுறையாவது போனவர்களுக்கு அந்த மேடையில் கொடியோடு நிற்கும் மனிதரை மறக்க முடியாது.

இப்போது அலங்கைப் பாருங்கள். கூரையில் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள், நம் நகத்தில் உள்ள அதே பொருளால் ஆனவை. கறையான் புற்றைப் பெயர்த்தெடுக்கும் நீண்ட வளைந்த நகங்கள். உடலுக்கு ஊன்றுகோலாக உதவும் தடித்த வால். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும்போது அந்த வாலையே ஊன்றிக்கொள்ளும். பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் ரயிலுக்கு இந்த நகங்களும், ஆடும் மேடையில் நிற்க இந்த வாலும் இயல்பாகவே பொருந்திவிடுகின்றன. வரைவதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் பொருந்துவதை மட்டும் வரைந்தால் அது அழகான படமாகுமே தவிர, கதாபாத்திரம் ஆகாது. பொருந்தாத இடத்தைத் தேட வேண்டும்.

பொருந்தாத இடங்கள் மூன்று கிடைத்தன. முதலாவது, அலங்குக்குப் பார்வை மங்கல். மோப்பத்தை நம்பியே அது இரை தேடுகிறது. கண்ணால் பாதையைப் பார்க்க வேண்டிய வேலைக்கு இப்படி ஓர் ஆளா என்று கேட்டால், அவர் கண்ணால் பார்ப்பதில்லை, முகர்கிறார் என்று விடை வந்தது. தேய்ந்து சூடேறும் பிரேக் கட்டையின் வாடை, ஈரமண் சரிந்த இடத்தின் வாடை, பாதையில் யானை நின்றுவிட்டுப் போன வாடை எல்லாம் அவருக்கு முன்கூட்டியே எட்டும். எனவே படத்தில் அவருடைய முகவாய் எப்போதும் காற்றுக்கு எதிராக நீண்டிருக்கிறது; கண் ஒரு சிறு புள்ளி. இரண்டாவது, அலங்கு இரவில் நடமாடும் விலங்கு, ரயிலோ காலையில் புறப்படுவது. இங்கேதான் மூன்றாவது சீட்டு கைகொடுத்தது: அவர் வரச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பதற்குக் காரணம் கடமையுணர்வு அன்று, இன்னும் தூங்கப் போகவே இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு, அவ்வளவே கூடுதலாக வரைந்தது.

மூன்றாவதுதான் அவரைப் பற்றி ஒரு முழுக் கதையையே எழுத வைத்தது. அலங்கு அஞ்சினால் தலையை வயிற்றுக்குள் புதைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். புலியேகூட அதைப் பிரிக்கத் திணறும். ஆனால் பிரேக்ஸ்மேனுக்கு அஞ்சும் நொடியில்தான் கை நீள வேண்டும். சுருண்டால் ரயில் நிற்காது. சரிவில் உருண்டை என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டாம். அவருடைய பிறவிக் குணமும் அவருடைய வேலையும் ஒரே நொடியில் எதிரெதிராக இழுக்கின்றன. அந்த இழுப்பை முதுகின் வளைவிலேயே காட்டலாம். சாதாரண நேரத்தில் முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். பயம் கூடக்கூட வளைவு கூடும், செதில்கள் சிலிர்த்துக் கூராகும், ஆனால் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு பிரேக்கைப் பற்றியபடியே இருக்கும். ஒரு கதாபாத்திரத்தின் பல நிலைகளை ஒரே தாளில் காட்டும் கேரக்டர் ஷீட்டில் முகபாவங்களைத் தனித்தனிக் கட்டங்களில் வரைந்து வைப்பது வழக்கம். இவருக்கு முகபாவத்துக்குப் பதிலாக முதுகுபாவங்களை வரைந்து வைத்திருக்கிறேன்.

காட்டெருமையிடம் வேறொரு பாடம் இருந்தது. எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டங்களிலும், சில வேளைகளில் தெருவிலுமே அதைப் பார்க்கிறோம். ஏறக்குறைய ஒரு டன் எடைவரை வளரக்கூடிய, பெரும்பாலும் ஒதுங்கிப் போகும், சீண்டினால் பொறுக்காத விலங்கு. அதற்கு வந்தது வர்க்கி சுடும் வேலையும், கடனைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படும் பழக்கமும். (ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை அறிந்த பிள்ளைகள், அந்தச் சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன்.) காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெண்மை. மைதா மூட்டைக்குள் இறங்கிவிட்டு வந்த அடையாளமாக அந்த வெண்மையைக் காட்டலாம் என்பது எல்லாருக்கும் உடனே தோன்றிவிட்டது. உடனே தோன்றுவதை நான் சந்தேகிப்பேன் என்றாலும், இதை விட்டுவிட மனம் வரவில்லை.

சிக்கல் நிமிர்த்தி நிறுத்தியபோது வந்தது. மனிதரைப் போல இரண்டு காலில் நிறுத்தியதும் காட்டெருமை காணாமல் போயிற்று. கொம்பு வைத்த ஒரு பருத்த ஆள் நின்றார். ஏன் என்று பார்த்தால், காட்டெருமையின் உருவத்தை நமக்கு அடையாளம் காட்டுவது முதுகின் முன்பாதியில் ஓங்கி எழுந்து, நடுவில் சட்டென்று இறங்கிவிடும் அந்தத் திமில் மேடுதான். அது நான்கு காலில் நிற்கும்போது உடலின் மிக உயர்ந்த இடம் தலை அன்று, தோள். நிமிர்த்தினால் தோள் கீழே போய்த் தலை மேலே வந்துவிடுகிறது. ஆகவே அவரை மாவு பிசையும் மேசையின்மேல் குனிய வைத்தேன். குனிந்ததும் தோள் உயர்ந்தது, திமில் திரும்பி வந்தது, காட்டெருமையும் வந்தது. கூச்சமும் சேர்ந்தே வந்தது என்பது கூடுதல் இலாபம்: கடன் சொல்லிப் போனவர் கடைக்குள் நுழையும்போது அவர் தலை நிமிராமல் பிசைந்துகொண்டே இருக்கிறார். விரல்கள் இல்லை, பிளந்த குளம்புதான்; ஒன்று விரல் வரைவது என்று முடிவு செய்ய வேண்டும், அல்லது குளம்பாலேயே எல்லாம் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும், இரண்டையும் கலந்தால் படம் பொய்யாகிவிடும். நாங்கள் குளம்பையே வைத்துக்கொண்டோம். வர்க்கியை யார் வாங்குவார்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள், நியாயமான கேள்வி.

இப்படித் தோள் உயரத்தையும் முதுகுக் கோட்டையும் பற்றிப் பேசுவதற்கு மலை எங்களுக்கு ஒரு வசதி செய்துகொடுத்திருக்கிறது. கதாபாத்திரம் வடிவமைப்பவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு சோதனை உண்டு: உள்ளே இருக்கும் கோடு, நிறம், முகம் எல்லாவற்றையும் மறைத்து, உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிவிட்டு, அப்போதும் யாரென்று தெரிகிறதா என்று பார்ப்பது. நகரத்தில் இருப்பவர்கள் இதைக் கணினியில் செய்கிறார்கள். இங்கே மூடுபனி இறங்கிய மாலையில் தேயிலைச் சரிவைப் பார்த்தாலே போதும். எதிரே நிற்பது கடமானா, காட்டெருமையா, வீட்டு மாடா என்பதை வெறும் நிழலுருவை வைத்துத் தீர்மானிக்க இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் மேலே நடப்பதா திரும்புவதா என்று முடிவு செய்கிறார்கள். கீழ்க்கோத்தகிரிப் பக்கத்தில் கரிக்கையூர்ப் பாறையில் பழங்கால ஓவியங்களைத் தீட்டியவர்களும் விலங்கின் முகத்தில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. முதுகு, கொம்பு, கால் என்ற புறக்கோட்டையே நம்பினார்கள். மூடுபனியால் ஒரு தொல்லையும் உண்டு: ஐப்பசி மழை நாள்களில் நீர்வண்ணம் காயாது, தாள் ஈரத்தை உறிஞ்சி நமுத்துப்போகும். அந்த மாதங்களில் பால்பாயிண்ட் பேனாதான்.

வேறு வேறு உடல்களை ஒட்டிப் புது விலங்கு செய்வது நமக்குப் புதிதன்று. சிங்க உடலும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் எழும் யாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தாராசுரம் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் இருக்கிறது. காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் காளை தெரியும், மறுபக்கத்தை மறைத்தால் யானை தெரியும். சேர்த்து ஒட்டுவதில் இதைவிடச் சிக்கனமான வேலை இருக்க முடியாது, ஒரு கோடுகூட வீணில்லை. ஆனாலும் யாளிக்கு என்ன பழக்கம் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. அதற்கு உடல் இருக்கிறது, அன்றாடம் இல்லை. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சங்கப் பாடல்களின் அசுணம் நிற்கிறது. யாழிசையில் மயங்கும், பறையொலி கேட்டால் உயிர்விடும் என்ற ஒரு பழக்கம் மட்டுமே அதைப் பற்றி நமக்குத் தெரிகிறது. அதை விலங்கு என்பாரும் உண்டு, பறவை என்பாரும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் பாத்திரம் அது. பிள்ளைகளிடம் அசுணத்தைச் சொல்லி வரையச் சொன்னால் ஒருவர் வரைவதுபோல இன்னொருவர் வரைவதில்லை. ஆனால் எல்லா அசுணங்களும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்.

தாளை மடித்து, தலையை ஒருவர், உடலை ஒருவர், காலை ஒருவர் என்று ஒன்றையொன்று பார்க்காமல் வரையும் விளையாட்டையும் முயன்றிருக்கிறோம். 1925 வாக்கில் பாரிஸில் மிகையதார்த்தக் கலைஞர்கள் இதைப் பெரிதும் விளையாடினார்கள். மழை நாளுக்கு நல்ல பொழுதுபோக்கு, சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் தாளைப் பிரித்த பின் கிடைக்கும் உருவத்துக்கு யாரும் பொறுப்பில்லாததால், அதை இரண்டாம் முறை வரைய எவருக்கும் தோன்றுவதில்லை. கதாபாத்திரம் என்றால் பத்தாவது முறை வரையும்போதும் அவர் அவராகவே இருக்க வேண்டும்.

தலைகீழ் நகைச்சுவை என்று ஒன்று உண்டு. அதைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பயந்த புலி, மரக்கறி உண்ணும் சிறுத்தை, உயரம் என்றால் நடுங்கும் மலை அணில். சீட்டில் இரண்டு சொற்கள் முரண்பட்டவுடன் எல்லாருடைய மனமும் முதலில் ஓடுவது அங்கேதான். அதனாலேயே அது எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. மலை அணிலை உண்மையில் கவனித்தால், அது மரமுகட்டிலேயே வாழ்ந்து, கிளை விட்டுக் கிளை தாவி, தரைக்கு அரிதாகவே இறங்குகிறது. அதற்கு ஓர் அச்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தரையைக் கண்டு அஞ்சட்டும். அப்படி அஞ்சும் அணில் குன்னூரில் தையற்கடை வைத்தால், அளவெடுக்க வாடிக்கையாளர் மரமேறி வர வேண்டியிருக்கும். பழைய கதைகள் ஒட்டிவைத்த முத்திரைகளும் இதே வகையில் சேரும்: நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் முட்டாள்தனம். சீட்டுக் குலுக்குவதன் பெரும்பயன் இந்த ஒட்டுகளைப் பிய்த்தெறிவதுதான். பிய்த்த இடத்தில் எதிர்ச்சொல்லை ஒட்டினால் குலுக்கியே பயனில்லை.

பெட்டிக்குள் போடாமல் வைத்தவையும் உண்டு. தமிழ்நாட்டில் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகத்தவரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெயரோ, உடையோ, வழிபாட்டுப் பொருளோ எங்கள் சீட்டுகளில் இல்லை. தொழில் டப்பாவில் தொழில்தான் இருக்கும், சமூகம் இருக்காது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் கண்ணுக்கு எத்தனை அழகாக இருந்தாலும், அதை ஒரு குரங்கின் தோளில் போர்த்தி வேடிக்கை செய்வது எனக்கு ஒப்பாது; தோடர்களின் எருமையும் அவர்களுடைய வழிபாட்டோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது என்பதால் விலங்கு டப்பாவில் இல்லை. 'தேன் எடுப்பவர்' என்ற சீட்டை வைத்திருக்கிறேன், ஆனால் அது கரடிக்கு வந்தால் மட்டும் வேறு சீட்டு எடுக்கலாம் என்று விதிவிலக்கு. கரடிக்குத் தேன் என்பது குலுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த கதை.

இப்போது மேசைமேல் இருப்பது கடமான். 'கடமான், வங்கிக் காசாளர், சில்லறையை மூன்று முறை எண்ணுவார்'. வேலையும் பழக்கமும் எளிதில் கூடிவிட்டன, தொந்தரவு கொம்பில். காட்டெருமைக்கும் வரையாட்டுக்கும் கொம்பு ஆயுள் முழுதும் இருக்கும், கடமானுக்கோ அது உதிர்ந்து மீண்டும் முளைப்பது. முளைக்கும் காலத்தில் அதன்மேல் மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும்; முற்றிய பிறகே தோல் உரிந்து, கிளைத்த கொம்பு வெளிப்படும். அதாவது இந்தக் காசாளரின் நிழலுரு ஆண்டுக்குள்ளேயே மாறும். ஆகவே அவருக்கு மூன்று கேரக்டர் ஷீட்டுகள் தேவைப்படுகின்றன: முழுக் கொம்போடு, மொட்டைத் தலையோடு, தோல் போர்த்திய இளங்கொம்போடு. முழுக் கொம்பு இருக்கும் மாதங்களில் காசாளர் கூண்டின் சிறு சாளரத்துக்குள் தலை நுழையாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எண்ணுகிறார். மொட்டையாக இருக்கும்போது, நாள்தோறும் வரும் வாடிக்கையாளருக்கே அவரை அடையாளம் தெரிவதில்லை, புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று எண்ணிக் கையெழுத்தைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். இளங்கொம்புக் காலத்தில் எதுவும் படாமல் கூசிக் கூசி நடக்கிறார், ஏனென்றால் அந்தத் தோலுக்குள் இரத்தம் ஓடுகிறது, பட்டால் வலிக்கும். முதல் பக்கத்துக்கு எந்த உருவத்தை வைப்பது என்று கேட்டேன். பிள்ளைகளுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. அக்காள் மகள் மொட்டைத் தலையைத்தான் வைக்க வேண்டும் என்கிறாள், ஏனென்றால் அப்போதுதான் யாரும் அவரை மான் என்று உடனே கண்டுபிடிக்க மாட்டார்கள், காதையும் கழுத்துப் பிடரி மயிரையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும் என்பது அவள் வாதம். பதிப்பாளர் கொம்பைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் வரைந்து அனுப்பப் போகிறேன்.